உத்தியோக வயது

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் எவை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் சக்கரம், நெருப்பு, மின்சாரம் என்று பிள்ளைகள் ஒப்பிக்கும். பாவம், அறியாப் பிள்ளைகள். சக்கரம் பஞ்சராகும். நெருப்பு அணைந்துபோகும். மின்சாரத்தைப் பற்றி இபாதான் நகரத்தில் பேசவே வேண்டாம். என்றும் நிலைத்து நிற்கும் ஒரே கண்டுபிடிப்பு, வெள்ளைத்தாளில் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் அடிக்கப்பட்ட சுயவிவரக் குறிப்புதான். கடவுள் மனிதனை ஒரே ஒருமுறை படைத்தார். அதையும் அவசரத்தில் படைத்தார். அந்தப் பிழைகளையெல்லாம் திருத்தி, மனிதனை 'நிறுவனங்களின் தேவைக்கேற்ப' மறுபடி படைக்கும் பொறுப்பைப் பேராசிரியர் ஒகுன்திபெ ஏற்றுக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் பட்டத்தை அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டிய பல்கலைக்கழகம் அவர் கடைக்கு எதிரில், சாலையைத் தாண்டினால் இருந்தது. அது பெரும்பாலும் பூட்டியே கிடந்ததால் மாணவர்களே பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

அவருடைய அலுவலகம் இபாதானின் அக்போவோ பகுதியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம். வெளியே இவை இரண்டையும் விட அதிகமாக உழைப்பதாகக் காட்டிக்கொள்ளும் ஒரு ஜெனரேட்டர். வாசல் பலகையில் 'பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, இரங்கல் சுவரொட்டி' என்று எழுதியிருந்தது. மூன்று தொழில் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, தொழில் ஒன்றுதான். மூன்றிலும் ஆளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை, பக்கத்தில் ஒரு புகைப்படம். மூன்றாவதை மட்டும் சம்பந்தப்பட்டவர் படித்து மகிழ முடியாது.

இந்தப் புண்ணியத் தலத்துக்குத்தான் கெஹிந்தே அயன்தோலா ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தாள். விலங்கியல் பட்டதாரி. பட்டதாரிகள் எல்லோரும் செய்தாக வேண்டிய இளைஞர் சேவையையும் ஓராண்டு செய்து முடித்து, காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, இனி நாடு நம்மைக் கூப்பிடும் என்று வீட்டில் காத்திருந்தாள். நாடு கூப்பிடவில்லை. கூப்பிட்டதெல்லாம் அம்மாதான்: தண்ணீர் பிடிக்க, மாவு கிளற, சர்ச்சில் வேலை தேடுவோருக்கான சிறப்பு ஜெபத்தில் முன்வரிசையில் போய் உட்கார.

கூடவே முஃப்தாவு வந்திருந்தான். கெஹிந்தேயின் வகுப்புத் தோழன், தொழில் கூட்டாளி. தொழில் என்னவென்றால், இவர்கள் படித்தது நாலாண்டுப் படிப்பு. படித்து முடித்தது ஏழாவது ஆண்டில். முதலில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம், பிறகு ஊழியர்கள் வேலைநிறுத்தம், பிறகு முதல் வேலைநிறுத்தத்தை முடித்துவைத்த ஒப்பந்தத்தை அரசாங்கம் மறந்துவிட்டதற்கான வேலைநிறுத்தம். கதவு பூட்டிய முதல் மாதம் இருவரும் அழுதார்கள். இரண்டாவது மாதம் தூங்கினார்கள். மூன்றாவது மாதம் கோழிப்பண்ணையில் முட்டை வாங்கி, அக்போவோவில் நூடுல்ஸும் பொரித்த முட்டையும் விற்கும் கடைகளுக்குத் தினமும் போட ஆரம்பித்தார்கள். அந்த வருமானத்தில்தான் இரண்டு பேரும் பட்டம் வாங்கினார்கள்.

"இதுவரைக்கும் என்ன வேலை பார்த்திருக்கேம்மா?" என்று பேராசிரியர் விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு கேட்டார்.

"முட்டை போட்டேன் ஐயா. மூணு வருஷம். இவனும் நானும்."

"அது கோழியோட பயோடேட்டாவுல வர வேண்டியது. உன்னோடதுல வேண்டாம்."

அவர் கண்ணை மூடினார். அருள் வந்த மாதிரி விரல்கள் ஓடின. திரையில் கெஹிந்தே 'புரதப் பொருள் வழங்கல் பிரிவின் மண்டலப் பொறுப்பாளர்' ஆனாள். தலையில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு நடந்தது 'சரக்குப் போக்குவரத்து மேலாண்மை' ஆயிற்று. கடைக்காரிகளோடு போட்ட சண்டை 'வாடிக்கையாளர் உறவு' ஆயிற்று. பொழுதுபோக்கு என்ற இடத்தில் வாசிப்பு, பயணம், புதியவர்களைச் சந்தித்தல் என்று அவரே அடித்துவிட்டார். அந்த ஊரில் வேலை தேடும் எல்லோருக்கும் அதே மூன்றுதான் பொழுதுபோக்கு.

முஃப்தாவு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. உடைந்த முட்டைக்கு என்ன பேர் ஐயா என்று கேட்டான். பேராசிரியர் திரும்பிப் பார்க்காமலே, 'தவிர்க்க இயலாத செயல்முறை இழப்பு' என்றார். மேதை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

கெஹிந்தே குறிவைத்திருந்தது ஒரு பெரிய கோழித்தீவன நிறுவனம். பெயர் வேண்டாம், சொன்னால் அவர்கள் கோழிகள்கூடக் கோபித்துக்கொள்ளும். அவர்களுடைய விளம்பரம் மிகவும் நியாயமானது. விண்ணப்பதாரர் புதிதாகக் கல்லூரி முடித்தவராக இருக்க வேண்டும்; ஐந்தாண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும்; வயது இருபத்துநான்குக்கு மேல் போகக் கூடாது; 'முதிர்ச்சி' அவசியம்.

"வயசு?" என்றார் பேராசிரியர்.

"இருபத்தெட்டு."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட செய்தி சொல்லப்போகும் டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது எப்ப இருந்து இருக்கு?"

"போன ஜூன்ல இருந்து ஐயா."

"வீட்டுல வேற யாருக்காவது?"

"என் கூடப் பிறந்தவனுக்கும் இருந்துச்சு. நீங்கதான் சரிபண்ணினீங்க. தைவோ அயன்தோலா. அதே தீவனக் கம்பெனியிலதான் இப்பக் கணக்குப் பார்க்கிறான்."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. அது எப்பேர்ப்பட்ட வெற்றி என்று பெருமைப்பட்டுக்கொண்டார். பிறகு தம் தத்துவத்தை விளக்கினார். மனிதனுக்கு வயது இரண்டு. ஒன்று பிறந்த வயது. அது பெற்ற தாய்க்குச் சொந்தம், பிறந்தநாள் கேக் வெட்ட உதவும். மற்றொன்று உத்தியோக வயது. அது காலியிடத்துக்குச் சொந்தம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நாட்டில் இத்தனை பேர் வேலையில்லாமல் அலைகிறார்கள்.

"உன்னோட மூணு வருஷத்தை எடுத்தது யாரு? நீயா தொலைச்சே? பூட்டு போட்டு எடுத்துக்கிட்டாங்க. திருட்டுப் போனதைத்தான் நான் மீட்டுத் தர்றேன். மேல ரெண்டு வருஷம் உன் மன உளைச்சலுக்கு. ஆக இருபத்துமூணு."

இவ்வளவு அழகான நியாயத்தைக் கேட்டு யாருக்குத்தான் கண் கலங்காது? கெஹிந்தேக்குக் கலங்கியது. ஆனால் விலங்கியல் படித்தவள் ஆகையால் ஒரு சந்தேகமும் வந்தது. தைவோவுக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டாள்.

பேராசிரியர் பதறிப்போனார். ஒருவருடைய உத்தியோக வயதை அடுத்தவரிடம் சொல்வது தொழில் தர்மத்துக்கே விரோதம் என்றார். ஒரே வயிற்றில் ஒன்றாக இருந்தவர்களே கேட்டாலும் சொல்ல மாட்டாராம். காரியம் முடிந்ததும் பிரதியைக்கூட அழித்துவிடுவாராம். "நான் ஆளைப் பார்க்குறதில்லம்மா, காலியிடத்தைத்தான் பார்க்குறேன்" என்றார்.

அடுத்தது நீ வா என்று முஃப்தாவுவைக் கூப்பிட்டார். அவன் வரவில்லை. அவனைப் போன்றவர்கள் எந்த நாட்டிலும் முன்னேற்றத்துக்கு இடைஞ்சல்தான். வெளியே வந்து ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"பூட்டினது அவங்க. வயசானது நமக்கு. இதுல பொய்யும் நாமதான் சொல்லணுமா? நான் இருபத்தெட்டுன்னுதான் எழுதுவேன். ஏன் இருபத்தெட்டுன்னும் எழுதுவேன்."

"எழுது. எழுதி வீட்டுல மாட்டிக்க" என்றாள் கெஹிந்தே. "எனக்கு வேலை வேணும் முஃப்தா. அம்மா கால்ல வீக்கம். வீட்டுல அடுப்பெரியறது தைவோ சம்பளத்துல. நான் இன்னும் எத்தனை நாள் அவன்கிட்ட பேருந்துக்குக் காசு வாங்கறது?"

அவன் எதிர்க்கடையில் இரண்டு பேருக்கும் நூடுல்ஸ் சொன்னான். முட்டை அவள் தட்டில் பெரிதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டான்.

சுயவிவரம் தயாரானால் போதாது. வயதுக்குச் சத்தியப்பிரமாணம் வேண்டும். அந்த வசதியையும் நாகரிகம் செய்து வைத்திருக்கிறது. நீதிமன்ற வளாகத்தின் மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் அவர் தாய்மாமன். யார் பிறந்தபோதும் பிரசவ அறை வாசலில் தாம் நின்றுகொண்டிருந்ததாக அவர் சத்தியம் செய்வார். சில நாட்களில் ஒரே தேதியில் நாலு ஊர் மருத்துவமனைகளில் நின்றிருக்கிறார். தைவோவுக்கும் அவர்தான் மாமன். கெஹிந்தேயைப் பார்த்ததும், "எங்க அக்கா மாதிரியே இருக்கேம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது கட்டணத்தில் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் கெஹிந்தே தைவோவிடமே கேட்டுப் பார்த்தாள். இங்கே ஒரு விஷயம். யொரூபா இனத்தவர் வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்தால் பெயர் யோசிக்கும் வேலை கிடையாது. ஆணோ பெண்ணோ, முதலில் வெளியே வருவது தைவோ, அடுத்து வருவது கெஹிந்தே. ஆனால் மூத்தது கெஹிந்தேதான். உலகம் நன்றாக இருக்கிறதா, வரலாமா என்று பார்த்துச் சொல்ல இளையதை முன்னால் அனுப்பிவிட்டு நிதானமாக வருவதுதானே மூத்தவர்களுக்கு அழகு. அந்தக் கணக்குப்படி தைவோ அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். இருபத்தெட்டு வருடமாக அவனுக்கு அதில் மனக்குறை.

"உன் உத்தியோக வயசு என்னடா?" என்றாள்.

"அது எதுக்கு உனக்கு? உன்னைவிடப் பெரியவன். அவ்வளவு தெரிஞ்சா போதும்."

"நான் அனுப்பித்தான் நீ வந்தே."

"அனுப்பினவளுக்கு இன்னும் வேலை கிடைக்கல. போனவனுக்குக் கிடைச்சிருச்சு."

அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் பெயரவில்லை. எழுதியது அதே பேராசிரியர், சத்தியம் செய்தது அதே மாமன். எல்லாம் ஒத்துப்போகும் என்று கெஹிந்தே தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

நேர்முகத் தேர்வு நடந்த அறையில் குளிர்சாதனம் இருந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நிறுவனத்தின் தலைவர் சீஃப் அதெகன்மி. அகன்ற அங்கி, நரைத்த புருவம், உத்தியோக வயது ஐம்பத்தெட்டு. அவரோடு பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்று, இரண்டு பேர் பெயரில் தெருவும் வந்துவிட்டது. அவர் மட்டும் ஐம்பத்தெட்டிலேயே உறுதியாக நின்றார். வலப்பக்கம் ஆள்தேர்வு மேலாளர் ஃபொலாஷாடெ மேடம். கோப்பின்படி அவர் கல்லூரியில் சேர்ந்தது ஒன்பதாவது வயதில். இடப்பக்கம் லாகோஸ் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த எஃபியோங், ஒரு மடிக்கணினியுடன்.

முதல் பத்து நிமிடம் கெஹிந்தே பேராசிரியரின் பெயரைக் காப்பாற்றினாள். அழுத்தமான சூழலிலும் சிறப்பாகப் பணியாற்றுவேன் என்றாள். குழுவோடும் பணியாற்றுவேன், தனியாகவும் பணியாற்றுவேன் என்றாள். உங்கள் பலவீனம் என்ன என்று மேடம் கேட்டதற்கு, அளவுக்கு மீறி உழைப்பது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். சீஃப் அரைத்தூக்கத்தில் தலையாட்டினார்.

எஃபியோங் திரையிலிருந்து முகத்தை எடுத்தார்.

"கணக்குப் பிரிவுல தைவோ அயன்தோலான்னு ஒருத்தர் இருக்கார். உறவா?"

"கூடப் பிறந்தவன் சார்."

மேடத்தின் முகம் விரிந்தது. "அட, நம்ம தைவோவோட கெஹிந்தேயா நீ?" இரட்டையர் என்றால் அதிர்ஷ்டம். சீஃப் விழித்துக்கொண்டு அவள் தாயை வாழ்த்தினார். கிட்டத்தட்ட வேலை கிடைத்துவிட்ட மாதிரிதான். எஃபியோங் மட்டும் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் பிறந்தது ஜூன் ஒன்பது."

"ஆமா சார்."

"ஆனா நீங்க ரெண்டு வருஷம் கழிச்சு."

கெஹிந்தே மனதுக்குள் கணக்குப் போட்டாள். தைவோவுக்கு இருபத்தைந்து! பாவி, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! தன் வயதை உள்ளபடி சொன்னால் தனக்கு வேலை கிடைக்காது. அது போகட்டும், தைவோவின் வேலையும் போய்விடும். மோசடி என்று வெளியே தள்ளுவார்கள். அவன் தன் இரட்டை இல்லை என்று சொல்லலாமென்றால், பெயரே கூரைமேல் ஏறிக் கூவிக்கொண்டிருந்தது. தைவோவின் சம்பளம் நின்றுபோன வீடும், அம்மாவின் வீங்கிய காலும் அவள் கண்முன் வந்தன. வாய் தானாகத் திறந்தது.

"நடுவுல ஸ்டிரைக் வந்துருச்சு சார்."

"எங்க?"

"ஆஸ்பத்திரியில. தைவோ பிறந்ததும் டாக்டருங்க கையைக் கழுவிட்டு வெளிய போயிட்டாங்க. அம்மா காத்திருந்தாங்க."

"ரெண்டு வருஷமா?"

"பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போச்சு சார்."

எஃபியோங் நல்ல மனிதர். கோபப்படவில்லை. முறையாகவே யோசனை சொன்னார். இப்படிப்பட்ட ஐயங்கள் எழுவது நிறுவனத்துக்கு நல்லதல்ல. ஆகவே எல்லா ஊழியர்களின் பிறந்த தேதியையும் தலைமை அலுவலகம் மருத்துவமனைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம், மேலிருந்தே தொடங்கலாம் என்றார்.

சீஃப் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஸ்டிரைக் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

"நாட்டையே உலுக்கினதாச்சே" என்றார் மேடம். "எங்க சித்திகூட அதுல மாட்டிக்கிட்டாங்க."

"ஒண்ணு பிறந்து, ஒண்ணு உள்ள. எத்தனை தாய்மார்!" சீஃப் பெருமூச்சு விட்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நம்ம நாடு பட்ட கஷ்டம் எங்க தெரியுது?"

எஃபியோங் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தமக்கும் ஒரு உத்தியோக வயது இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

தேர்வுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதப்பட்டது: 'விண்ணப்பதாரரின் பிறப்பு, அவருடைய கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் தாமதமானது. குழு இதை அனுதாபத்துடன் ஏற்கிறது.' பட்டம் வாங்கத் தாமதமானவர்களுக்கு அந்தக் குழு ஒருநாளும் அனுதாபப்பட்டதில்லை என்று சிலர் குறை சொல்லலாம். பிறக்கத் தாமதமாவதும் படிக்கத் தாமதமாவதும் ஒன்றா? படிக்கத் தாமதமாவது சோம்பேறித்தனம்.

வேலை கிடைத்தது. பண்ணைகளைச் சுற்றிப் பார்க்கும் கள அலுவலர் வேலை இல்லை. இவ்வளவு சமயோசிதமான பெண்ணைக் கோழிகளுக்கு நடுவில் வீணடிக்க மேடத்துக்கு மனம் வரவில்லை. தம் பிரிவிலேயே 'விண்ணப்பதாரர் வயதுச் சரிபார்ப்பு அலுவலர்' என்று ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

வீட்டில் சந்தோஷம் பொங்கியது. தைவோ அவளைக் கட்டிப்பிடித்து அழுதான், தன் வேலை தப்பியதே என்று. அழுது முடித்ததும், இனி அலுவலகத்தில் தன்னை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நிபந்தனை போட்டான். அம்மா மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. தெருவே அவளை 'இரட்டையர் அம்மா' என்றுதான் கூப்பிடும்; ஊரில் அவளுக்கு இருந்த ஒரே பட்டம் அது. அலுவலகத்து ஆட்கள் யாராவது வந்தால் அந்தப் பெயர் காதில் விழுந்து பிறந்த தேதிக் கேள்வி மறுபடி கிளம்பக் கூடாது என்று தைவோ சொல்லிவிட்டான். "ரெண்டையும் ஒரே மூச்சுல பெத்தேன்" என்று அவள் சட்டியிடம் சொல்லிக்கொண்டே சமைத்தாள். முதல் மாதச் சம்பளத்தில் கெஹிந்தே அவள் காலுக்கு நல்ல டாக்டரைப் பார்த்தாள். அதன் பிறகு அம்மா சட்டியிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

அலுவலகத்தில் கெஹிந்தே நல்ல பெயர் எடுத்தாள். பேராசிரியரின் கைவண்ணத்தைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்வாள். 'வாசிப்பு, பயணம், புதியவர்களைச் சந்தித்தல்' என்று கண்ணில் பட்டால், ஆள் ஒழுங்காகத் தயாராகி வந்திருக்கிறார் என்று மேலே அனுப்பிவிடுவாள். இருபத்துநான்குக்கு மேல் எழுதிய அப்பாவிகள் அபூர்வமாக வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு ரப்பர் முத்திரை இருந்தது: 'அதிக வயது'.

அடுத்த விளம்பரத்துக்கு வந்த விண்ணப்பங்களில் ஒரு காகிதம் ஒன்றேகால் பக்கத்தில் முடிந்திருந்தது. தடித்த எழுத்து இல்லை, பொழுதுபோக்கு இல்லை. முஃப்தாவு எழுதியிருந்தான்.

'வயது இருபத்தெட்டு. நாலாண்டுப் படிப்பை ஏழாண்டில் முடித்தேன். மற்ற மூன்றாண்டும் பல்கலைக்கழகம் பூட்டியிருந்தது, நான் பூட்டவில்லை. அந்த நாட்களில் நானும் என் வகுப்புத் தோழி கெஹிந்தே அயன்தோலாவும் அக்போவோவில் நூடுல்ஸ் கடைகளுக்கு முட்டை போட்டோம். எங்கள் முட்டை கெட்டது என்று ஒரு கடைகூடத் திருப்பியதில்லை. அதற்குக் காரணம் கெஹிந்தே. எனக்கு முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அவளுக்குக் காதருகே ஆட்டினாலே போதும். நான் எழுதியது உண்மையா என்று விசாரிக்க: கெஹிந்தே அயன்தோலா, உங்கள் அலுவலகம்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். வாழ்நாளில் தன்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாக எழுதியதில்லை; பேராசிரியரும்கூட. கோழித்தீவனக் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். வகுப்புத் தோழன் இருபத்தெட்டு என்றால் தோழிக்கு எத்தனை என்று ஒரு குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும். அவளுக்குப் போட்டால் தைவோவுக்கும் போடும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மேடம் அவள் தோளுக்கு மேலே குனிந்தார். கெஹிந்தேயின் முழங்கை காகிதத்தின் கீழ்ப்பாதி மேல் படிந்தது.

"உன் பேரு போட்டிருக்கிற மாதிரி இருக்கே. தெரிஞ்சவனா?"

"எங்க ஏரியாப் பக்கம் பார்த்திருக்கேன் மேடம்" என்றாள் கெஹிந்தே. "ரொம்பப் பெரியவர்." ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவனை அவள் 'அவர்' என்றது அதுதான் முதல் தடவை.

முத்திரையை எடுத்தாள். மை காய்ந்திருந்ததால் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

மேடம் வயதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இருபத்தெட்டா! இந்த வயசு வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தானாம்?"

"முட்டை வித்தாராம் மேடம்."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். கெஹிந்தேயும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட யாரும் அவளுக்கு இருபத்துமூன்றுக்கு மேல் ஒருநாள்கூடச் சொல்ல மாட்டார்கள். சத்தியப்பிரமாணமே தேவையில்லை.